கண்ணாடிப் பெட்டியில் இல்லாத குழந்தை

1

போன வாரம் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, நான் செய்தது தப்பு என்று சொன்னார்கள். இந்த நாட்டில் அப்படித்தான். செங்கல்பட்டில் என்றால் நிற்கவைத்தே திட்டி, கையில் மெமோவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். இங்கே திட்டுவதற்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். நடுநடுவே, 'இதைக் கேட்க உனக்கு எப்படி இருக்கிறது?' என்று வேறு விசாரிக்கிறார்கள். எப்படி இருக்கும்? எரிச்சலாகத்தான் இருந்தது.

திட்டியவர் கேரல், எங்கள் வார்டின் பொறுப்பாளர். நல்ல மனுஷி. இங்கிலாந்து வந்த புதிதில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. 'மேடம்' என்றேன். பின்னால் யாராவது ராணி நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். இப்போது நானும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு நோயாளியின் மகன் என்மேல் புகார் கொடுத்துவிட்டார். நம்ம தமிழ்ப் பிள்ளைதான். நடந்ததைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். என்ன நடந்தது, என்ன நினைத்தாய், என்ன கற்றுக்கொண்டாய், அடுத்த முறை எதை மாற்றிச் செய்வாய். எழுதுவது அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால் இத்தோடு போகும். இல்லாவிட்டால் நர்ஸ்களின் பதிவைப் பார்க்கிற மேலிடத்துக்குப் போகும். பதிவு போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். கிடங்கில் பெட்டி அடுக்கும் என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் என் மகள் ஜெனி, எல்லோரும் அந்த ஒரு விசாவில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் 'மன்னிக்கவும்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வார்த்தையை எழுதவோ எனக்கு இஷ்டமில்லை. அதனால் முதலில் உங்களுக்குத் தமிழில் எழுதிவிடுகிறேன். நீங்கள் ஊர்க்காரர்கள். திட்டுவதானால் டீ கொடுக்காமல் நேராகத் திட்டுவீர்கள்.

2

தொண்ணூறுகளின் நடுவில் நான் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பேர் வேண்டாம். பிரசவ வார்டு மாடியில். எடை குறைந்த, மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தைகளைக் கீழே வேறு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

சில குழந்தைகள் கீழேயிருந்து மேலே திரும்பி வராது. அப்போது ஒரு நாடகம் ஆரம்பமாகும். அதற்கு ஒத்திகை எல்லாம் கிடையாது, எல்லோருக்கும் வசனம் தெரியும். 'கொயந்தை கண்ணாடிப் பெட்டில கீது. நல்லாக் கீது. டாக்டர் இப்போ பாக்கக் கூடாதுன்னாரு.' ஆயா சொல்வாள், துணைக்கு இருக்கும் மாமியார் சொல்வாள், பக்கத்துக் கட்டில்காரி கூடச் சொல்வாள். வார்டு முழுக்கத் தெரிந்த விஷயம் கட்டிலில் படுத்திருப்பவளுக்கு மட்டும் தெரியாது. தையல் பிரிக்கும்வரை இது ஓடும். வீட்டுக்குக் கூட்டிப்போய் வாசலில் வைத்து விஷயத்தை உடைப்பார்கள்.

அஞ்சலை கடப்பாக்கத்துக்காரி. கணவன் கடலுக்குப் போகிறவன். முதல் பிரசவம், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. பிறந்த அன்று சாயங்காலமே போய்விட்டது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடாதம்மா. வவுத்துல தையல் கீது. அயுதான்னா பிரிஞ்சிடும். அவளும் பூட்டா நான் என் புள்ளைக்கு இன்னா பதில் சொல்வேன்?"

அந்த அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். பயந்துதான் கேட்டாள். நானும் முதலில் சரியென்றுதான் தலையாட்டினேன்.

மறுநாள் பால் வந்துவிட்டது அஞ்சலைக்கு. 'பிஞ்சு வாயால குடிக்க முடியாதாமே, பீச்சிக் குடுத்தா டியூப்ல குடுப்பாங்களாமே' என்று பக்கத்துக் கட்டிலில் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரில் பீச்ச ஆரம்பித்தாள். மாமியார் அதன்மேல் ஒரு மூடியைப் போட்டு, முந்தானையில் மறைத்து, மாடிப்படி வரைக்கும் எடுத்துப்போவாள். படிக்குப் பக்கத்தில் கைகழுவும் தொட்டி இருந்தது. அதில் ஊற்றிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, வெறும் டம்ளரோடு திரும்பி வருவாள்.

"குடிச்சிச்சா?"

"குடிச்சிச்சு. குடிச்சிட்டுத் தூங்குது."

அஞ்சலைக்கு முகமெல்லாம் பெருமை. இன்னும் தண்ணீர் குடிப்பாள், இன்னும் பீச்சுவாள். பீச்சப் பீச்சத்தானே சுரக்கும்? குழந்தை இல்லாத தாய்க்கு நான் செய்ய வேண்டியது நேர் எதிர்: மாரை இறுக்கிக் கட்டி, பால் வற்ற வழி செய்ய வேண்டும். ஆபரேஷன் ஆனவளை எழுப்பி நடக்கவைக்க வேண்டும். நடந்தால் கீழே இறங்கிக் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவாள் என்று, 'எழுந்தா தையல் பூடும்' என்று சொல்லிக் கட்டிலிலேயே போட்டுவைத்திருந்தார்கள். கட்டுவதற்கும் வழியில்லை, நடக்கவைப்பதற்கும் வழியில்லை. எதற்கடா எனக்கு இந்த வெள்ளைச் சட்டை என்று இருந்தது.

தலைமை சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "குடும்பத்து விவகாரம் ஸ்டெல்லா, நமக்கெதுக்கு? தையல் பிரிச்சதும் போய்டுவாங்க" என்றார். அன்றைக்கும் டம்ளர் மூடியோடு போனது, வெறுமையாக வந்தது. எனக்குத் தாங்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸ் நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன்.

"அஞ்சல, கொயந்தை இல்லம்மா. பொறந்த அன்னிக்கே பூடுச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்போ இத்தினி நாளா என் பால இன்னா பண்ணீங்க?"

"தொட்டில கொட்டினோம்மா" என்றேன். கொட்டினது மாமியார்தான். ஆனால் 'கொட்டினாங்க' என்று சொல்ல வாய் வரவில்லை.

"எந்தத் தொட்டி? காட்டு."

எழுந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முதல்முறையாக எழுந்தது அப்போதுதான். ஒரு கை வயிற்றில், ஒரு கை என் தோளில். வார்டு முழுக்கப் பார்த்தது. மாடிப்படிவரை நடந்தாள். அந்தத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே குனிந்து பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை, யாரோ கழுவிய சோற்றுப் பருக்கைதான் இருந்தது. அதை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் போட்டாள். குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவினாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

கணவன் ஆட்களோடு வந்தான். "இன்னா சிஸ்டர், அறிவு கீதா ஒனக்கு? படிச்சவதானே நீ? அவளுக்கு எதுனா ஆவட்டும், அப்புறம் பாரு" என்று குதித்தான். தலைமை சிஸ்டர் மெமோ கொடுத்தார். என்னைக் குழந்தைகள் வார்டுக்குத் தூக்கியடித்தார்கள். போவதற்குமுன் அஞ்சலையின் மாரை நான்தான் கட்டிவிட்டேன். தினமும் நடக்கவைத்தேன்.

தையல் பிரியவில்லை. அதை மட்டும் யாரும் மெமோவில் எழுதவில்லை.

3

எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். எனக்குத் தெரியும்.

என் நைனா, அதாவது அப்பா, கடப்பாக்கம் தாண்டி உள்ளே ஒரு காலனியில் பிறந்து, அடுத்தவர் நிலத்திலேயே நடவும் அறுப்பும் செய்து காலத்தை ஓட்டியவர். குடிசை போட்டிருந்த இடத்துக்குப் பட்டா கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அந்த ஆபீஸ்களில் ஒருவர்கூட ஒருநாளும் 'இல்லை' என்று சொன்னதில்லை. 'நாளைக்கு வா' என்பார்கள். சிரித்த முகமாகச் சொல்வார்கள். நைனா கூலி வேலையை விட்டுவிட்டு நாளைக்குப் போவார். 'இல்லைய்யா, உனக்குக் கிடைக்காது' என்று ஒரு மகராசன் சொல்லியிருந்தால், மனுஷன் சண்டையாவது போட்டிருப்பார், வேறு வழியாவது பார்த்திருப்பார். உண்மையைச் சொல்லாமல் வைத்திருப்பது அன்பு என்று யாராவது என்னிடம் சொன்னால், எனக்கு அந்த ஆபீஸ் பெஞ்சும் அதில் உட்கார்ந்திருக்கும் நைனாவும்தான் ஞாபகம் வரும். யாரைச் சின்னவர் என்று நினைக்கிறோமோ அவரிடம்தான் மறைக்கிறோம்.

குழந்தைகள் வார்டில் என்னைத் தண்டனைக்கு என்று போட்டார்கள். எனக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. அங்கே எல்லா அம்மாக்களும் ஒரே பொய்யைச் சொல்வார்கள்: 'வலிக்காதுடா கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான்.' ஊசி இறங்கும். குழந்தை அலறும். அடுத்த தடவை நர்சைப் பார்த்தவுடனே அலறும். நான், "வலிக்கும். கையை ஆட்டாம வெச்சின்னா சீக்கிரம் வுட்டுடும். கத்தணும்னா கத்திக்கோ" என்பேன். அம்மாக்கள் முறைப்பார்கள். பிள்ளைகள் கண்ணை உருட்டி யோசித்துவிட்டுக் கையை நீட்டும்.

கொஞ்ச காலத்தில் எனக்குப் பட்டப்பேர் வைத்துவிட்டார்கள், 'வலிக்கும் சிஸ்டர்'. ரத்த வியாதிக்காக அடிக்கடி வந்துபோன பரிமளா என்ற வாண்டு, வேறு யார் ஊசியோடு போனாலும் போர்வைக்குள் போய்விடும். "வலிக்கும் சிஸ்டர் வந்தாத்தான் கை குடுப்பேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். எனக்கு யாரும் பதக்கம் தந்ததில்லை. தந்திருந்தாலும் இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது.

4

இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் நர்ஸ் பஞ்சம் என்று ஆள் எடுத்தார்கள். வந்து சேர்ந்தேன். அத்தனை வருஷம் வேலை பார்த்தவளை, 'முதலில் எங்கள் முறைக்குப் பழகு' என்று உதவியாளர் உடுப்பைக் கொடுத்துப் படுக்கை விரிக்க விட்டார்கள். விரித்தேன். கையெழுத்து மேல் கையெழுத்து வாங்கி, ஒருவழியாக நர்ஸ் என்று ஒத்துக்கொண்டார்கள்.

பேச்சும் தகராறு செய்தது. ஒருவர் இறந்ததும், நம் ஊரில் எழுதுகிற மாதிரியே, 'எக்ஸ்பயர் ஆகிவிட்டார்' என்று ரிப்போர்ட் கொடுத்தேன். பால் பாக்கெட்டுக்குத்தான் இங்கே அப்படிச் சொல்வார்களாம். பாதிப் பேர் சிரிப்பை அடக்கினார்கள். சரி, 'இறந்தார்' என்றே சொல்கிறேன். எனக்கு அது வசதிதான்.

பிடித்த விஷயமும் உண்டு. இங்கே நோயாளியிடம்தான் முதலில் சொல்கிறார்கள். கட்டில் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நான் மெமோ வாங்கிய வேலை இங்கே சட்டமாக இருந்தது.

ஜெனி மூன்று வயதில் வந்தவள். இப்போது நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். அவள் சொல்வதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் சொல்வதில் பாதியை அவள் காதில் வாங்குவதில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

5

நடராஜன் ஐயா கல்பாக்கத்தில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சதுரங்கப்பட்டினத்தில் வீடு. மகள் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்குப் பிரசவ நேரம் என்பதால் மனைவி அங்கே தங்கிவிட, இவர் மட்டும் இங்கே மகன் கார்த்திக் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். வந்த இடத்தில் வயிற்று வலி. எங்கள் வார்டில் சேர்த்தார்கள். அவர் சேர்ந்த மறுநாள் நாவலூரில் பேத்தி பிறந்தாள்.

எனக்கோ ஊர்க்காரர் வந்த சந்தோஷம். அவரும் பேத்தி புராணம்தான். "போன்ல அழுறா பாரும்மா, எட்டுக் கட்டையில. இந்த அல்சர் சரியானதும் போய்த் தூக்கணும்" என்பார்.

அல்சர் இல்லை. கணையத்தில் புற்று, பரவிவிட்டது. குணமாக்க வழியில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். கார்த்திக் என்னை நடையில் மடக்கினார்.

"சிஸ்டர், அப்பாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கேன். டாக்டர் பேசும்போது நானே தமிழ்ல சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் கலந்துக்காதீங்க. ஆறு மாசம் இங்கே வெச்சு ட்ரீட்மென்ட் குடுத்து, தேத்தி அனுப்பிடுவேன்."

"அவருக்கு ஆறு மாசம் இல்லைங்க. உங்களுக்கும் தெரியும்."

"அதனாலதான் சொல்ல வேணாம்ங்கறேன்."

அழுதுகொண்டுதான் சொன்னார். கெட்ட பிள்ளை இல்லை. கடப்பாக்கத்து மாமியாரும் கெட்டவள் இல்லை.

அன்றைக்கு டாக்டர் வந்தார். அவருடைய வட இங்கிலாந்துப் பக்கத்து இங்கிலீஷ் எனக்கே முழுசாகப் புரியாது, கொஞ்சம் காது மந்தமான ஐயாவுக்கு எங்கே புரியும்? டாக்டர் மெதுவாக, மரியாதையாக எல்லாவற்றையும் சொன்னார். இன்னும் சில வாரம்தான் விமானத்தில் போக உடம்பு தாங்கும், அதற்குப் பிறகு முடியாது, எங்கே இருக்க விரும்புகிறார் என்று அவரே யோசித்துச் சொல்லட்டும் என்றார். கார்த்திக் தமிழில் சொன்னார்: "புண்ணு ஆறிட்டு வருதாம்பா. ஆனா இப்போ ஃப்ளைட்ல போகக் கூடாதாம்." ஐயா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். டாக்டர், 'எவ்வளவு தைரியமாகத் தாங்கிக்கொள்கிறார்' என்று என்னிடம் நெகிழ்ந்தார்.

எனக்குக் காதில் அந்த மாடிப்படித் தொட்டியின் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது வேறு, அவர் காதில் விழுந்தது வேறு என்று சொன்னேன். இதுவரைக்கும் எல்லாம் சட்டப்படி. வீட்டாரும் நாங்களும் மொழிபெயர்க்கக் கூடாது, போனில் வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேச வேண்டும் என்பது இங்கே விதி. மறுநாள் அப்படியே ஏற்பாடு செய்தார்கள்.

கார்த்திக் என்னிடம் வந்தார். "நீங்களும் தமிழ்தானே? நம்ம பக்கத்து ஆளுன்னு நம்பினேன். இப்படிக் காட்டிக்குடுத்துட்டீங்களே."

"யாருகிட்டங்க காட்டிக்குடுத்தேன்? அவரு உடம்ப அவருகிட்டதானே."

போன் ஒலிபெருக்கியில் வந்த மொழிபெயர்ப்பாளர் ஓர் ஈழத்து அம்மா. டாக்டர் நோயின் பேரைச் சொன்னார். பிறகு, "ஐயா, வயித்துக்குள்ள கட்டி ஒண்டு கிடக்கு எண்டு டொக்டர் சொல்லுறார்" என்றது குரல்.

"என்ன கட்டி?" என்றார் ஐயா.

"கட்டிதான் ஐயா. கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்லுறார்."

முகம் தெரியாத அந்த அம்மாளுக்கும் மனசு வரவில்லை. அங்கேயும் அதே நாடகம், அதே வசனம். ஐயா போனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. என்ன கட்டி?"

நான் வாய் திறக்கக் கூடாது. விதி எனக்கு நன்றாகத் தெரியும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"புத்துநோய்ங்கய்யா. பரவிடுச்சு. குணமாக்க முடியாதுன்றாங்க. ஊருக்குப் போறதுன்னா இப்பவே போவணும். அப்புறம் உடம்பு தாங்காது."

கார்த்திக் முகத்தை மூடிக்கொண்டார். ஐயா கொஞ்ச நேரம் போர்வையை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு ஒர்க்‌ஷாப்காரர் மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிக்குமா? வலிக்கும், மருந்து இருக்கிறது. சாப்பிட முடியுமா? கொஞ்ச நாளைக்கு. ஃப்ளைட்டில் தனியாகப் போகலாமா? கூட ஆள் வேண்டும்.

"பேரிங் தேஞ்சுபோச்சுன்னா தேஞ்சுபோச்சுன்னு எழுதணும்டா" என்றார் மகனிடம். "இல்லன்னா மெஷினை ஓட்டிட்டே இருப்பான். டிக்கெட் போடு. நீயும் வா."

போகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். "நீ எந்தப் பக்கம்மா?"

"கடப்பாக்கம் தாண்டிங்கய்யா."

"அதான், நேராப் பேசுற" என்றார். எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்து, காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்த பிறகுதான் கார்த்திக் புகார் கொடுத்தார். அவர் துக்கத்தை அவர் எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே. பேத்தியை ஐயா தூக்கினாரா என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. புகார் கொடுத்தவரிடம் பேசக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருக்கிறது.

6

இதுவரைக்கும் உங்களுக்கு எழுதிவைத்து இரண்டு நாள் ஆகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. என் இங்கிலீஷ் போதாது என்று, ஜெனியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் அடிப்பதாக ஏற்பாடு. இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"சாரின்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுதும்மா. எல்லாரும் அதான் செய்வாங்க."

"விதிய மீறினேன்னு போடு. அது நெஜம். சாரின்னு போடாத. அது பொய்."

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அஞ்சலையிலிருந்து ஆரம்பித்தேன். இதுவரை ஜெனியிடம் நான் இதைச் சொன்னதில்லை. மூடி போட்ட டம்ளர் மாடிப்படிக்குப் போகும் இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. தொட்டியைக் கழுவிய இடத்தில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தமிழில் கேட்டாள், உடைந்த தமிழ்தான்.

"அந்த அம்மாக்கு... உன் மேல கோவமா?"

"தெரியாதுடி. கோவமாத்தான் இருந்திருக்கும். அப்பவும் என் தோள வுடாமத்தான் நடந்தா."

திரும்பி மீதியை அடித்தாள். நடந்தது, நினைத்தது, கற்றுக்கொண்டது எல்லாம் வந்துவிட்டது. கடைசிக் கேள்வி மட்டும் மிச்சம். அவளே வாசித்தாள்: இதே நிலைமை மறுபடியும் வந்தால், எதை மாற்றிச் செய்வாய்?

அஞ்சலைக்கு நான் சொன்னது, அத்தனை டம்ளர் கொட்டிய பிறகு. ஐயாவுக்குச் சொன்னது, அவர் டாக்டரைக் கும்பிட்ட மறுநாள். மாற்றிச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கத்தான் இருக்கிறது.

"முதல் நாளே சொல்லுவேன்" என்றேன்.

ஜெனி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அம்மா, இதைப் போட்டா வேலை போயிடும்."

"போகட்டும். அடி."

என்னைப் பார்த்தாள். அடித்தாள்.